வலது கால் மட்டும்

ஆம்பூரில் கூரியர் கடை வைத்திருக்கும் சுப்பராயன் வாயைத் திறந்தால், பாலாற்றில் தண்ணீர் வரும்வரை மூட மாட்டார். இருபத்திரண்டு வருடம் ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருந்தவர். முட்டி தேய்ந்த பிறகுதான் இந்தக் கடை.

கம்பெனியை விட்டாலும் கம்பெனிப் பழக்கம் அவரை விடவில்லை. யாருடைய சாம்பிள் பெட்டியையும் திறக்க மாட்டார். டிசைன் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்பது ஊரறிந்த கதை. எமனே ஒரு பெட்டியோடு வந்து "ஷூ சாம்பிள்" என்றாலும், முகத்தைத் திருப்பிக்கொண்டு டேப் ஒட்டுவார்.

அப்படித்தான் சூரியபிரகாஷ் என்பவன் கொண்டுவந்த ஐந்து பெட்டிகளும் வெளிநாடு போயின.

ஒரு நாள் காலையில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தமிழினி, இரண்டு போலீஸ்காரர்களோடு கடைக்கு வந்தார். அந்தப் பெட்டிகளில் இருந்தது உடம்பை ஊதவைக்கும் ஸ்டீராய்டு மருந்தாம். அங்கே ஜிம் பையன்கள் அதை ஊசி போட்டுக்கொண்டு, ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்களாம். அனுப்பியவன் விலாசம் பொய். நிஜமாக இருந்தது சுப்பராயன் கடை முத்திரை மட்டுமே.

அவருக்கு வேலூர் ஜெயில் கதவு கடைக்குள்ளேயே திறந்த மாதிரி இருந்தது.

"நீங்களும் கூட்டா?" என்றார் தமிழினி.

மனைவி சந்திரா குறுக்கே பாய்ந்தாள். "ஐயோ மேடம்! காய்ச்சலுக்கு ஊசி போடவே இந்த ஆள நாலு பேரு புடிக்கணும்!"

"உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை கூடவா பார்க்கல?"

"சாம்பிள் பெட்டிய தொறக்கறது பாவம் மேடம்" என்றார் சுப்பராயன்.

தமிழினி செல்போனில் ஒரு படம் காட்டினார். ஒரு ஜோடி கறுப்பு ஷூ. இரண்டுக்குள்ளும் மருந்துக் குப்பிகள். பார்த்ததும் சுப்பராயனுக்குப் பயம் பறந்து, சிரிப்பு வந்துவிட்டது.

"இவன் ஷூக்காரனே இல்ல மேடம்! சாம்பிள்னா வலது கால் மட்டும்தான் போவும். ரெண்டும் போனா எவனாச்சும் மாட்டிக்கினு போய்டுவானே! ஆம்பூர்ல தொட்டில் கொழந்தைக்குக் கூட தெரியும்."

தமிழினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூணு வாரமா ஒவ்வொரு ஷூ கம்பெனியா ஏறி இறங்கிட்டிருக்கோம்ணே."

அந்த 'அண்ணே'யில் சுப்பராயனுக்குப் பாதி உயிர் திரும்பியது.

நாலாம் நாள் சூரியபிரகாஷ் ஆறாவது பெட்டியோடு வந்தான். எதிர் டீக்கடையில் மஃப்டி போலீஸ் டீயை ஆற்றிக்கொண்டிருந்தது.

"வலது கால்தானே சார் உள்ள?" என்றார் சுப்பராயன்.

"யோவ், ரெண்டும்தான்யா. ஒத்தக் கால வெச்சிக்கினு அவன் நொண்டியா ஆடுவான்?"

சுப்பராயன் தோள் துண்டை உதறினார். அதுதான் சைகை. டீ ஆறுவதற்குள் சூரியபிரகாஷ் ஜீப்பில் இருந்தான். அவன் போனைக் குடைந்ததில், கடல் தாண்டி உட்கார்ந்திருந்த மொத்த வியாபாரியும் அந்த ஊர் போலீஸிடம் சிக்கினான்.

வாக்குமூலம் கொடுக்கப் போன அன்று, தமிழினி தாளைப் படித்துக் காட்டினார். "சாட்சி, சுப்பராயன்."

"இன்னொரு வாட்டி படிங்க மேடம்."

படித்தார். சுப்பராயன் கைகூப்பினார். "குற்றவாளின்னு எழுதியிருந்தா உங்க வேல அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஒக்காந்து என் பேச்ச கேட்டீங்களே மேடம், அது போதும்."

வெளியே வந்ததும் துண்டால் கண்ணைத் துடைத்த சுப்பராயனைச் சந்திரா முறைத்தாள். "அதான் வுட்டுட்டாங்களே. இன்னாத்துக்கு அழுவுற?"

"வூட்டுக்குப் போறோம்ல, அதான்."