உரச்சாக்கில் போன ரைஃபிள்

காலை ஏழு மணிக்கு என் வீட்டு கேட்டைத் தட்டுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று பால்காரர். இன்னொன்று மனு எழுதித் தரச் சொல்பவர். நான் ரிட்டயர் ஆன பிறகு பால்காரர் மூன்று முறை மாறிவிட்டார். மனுக்காரர்கள் மாறவே இல்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படித் தட்டியவர் ஓடைப்பட்டி சுருளியாண்டி. திராட்சை விவசாயி. மலையடிவாரத்தில் தோட்டம். காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் துப்பாக்கி உரிமம் கேட்டு ஒரு காலத்தில் என் மேஜைக்கு முன்னால் நின்றவர். அவருக்குப் பின்னால் மகள் நாகஜோதி. அவள் கையில் நீளமான கறுப்புப் பெட்டி.

நாகஜோதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது மீட்டர் ரைஃபிள் பிரிவில் இந்திய அணிக்குத் தேர்வாகியிருந்த பெண். மண்டியிட்டு இருபது, படுத்து இருபது, நின்று இருபது என்று அறுபது குண்டுகள் சுட வேண்டும். பத்துப் புள்ளி கிடைக்கும் நடுவட்டம் எவ்வளவு பெரியது தெரியுமா? ஒரு சுண்டைக்காய் அகலம். ஐம்பது மீட்டர் தள்ளி வைத்த சுண்டைக்காயை அறுபது தடவை அடிக்க வேண்டும். நம்மில் பலருக்கு அந்தத் தூரத்தில் சுண்டைக்காய்ச் செடியே தெரியாது.

பல நாடுகள் கூடும் பெரிய போட்டி அது. அடுத்த திங்கட்கிழமை அணியோடு அவள் விமானம் ஏற வேண்டும்.

"ஒரு சின்னப் பிரச்சினை சார்," என்றார் சுருளியாண்டி.

சின்னப் பிரச்சினை என்று ஆரம்பித்தவர் எவரும் சின்னப் பிரச்சினையோடு என் வீட்டுக்கு வந்ததில்லை.

நாகஜோதி பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே தடித்த ஸ்பாஞ்ச். அதில் ரைஃபிள் வடிவத்தில் ஒரு பள்ளம். ரைஃபிள் மட்டும் இல்லை.

"அப்பா கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டாக சார்."

விஷயம் இதுதான். தேர்தல் அறிவித்தால், உரிமம் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். ஓட்டு எண்ணி முடித்து ஒரு வாரம் ஆன பிறகுதான் திருப்பித் தருவார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் இதற்கெல்லாம் யாரும் பதறுவதில்லை. பன்றித் துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி மொபெட்டில் வைத்துக்கொண்டு போவார்கள். ரசீது வாங்கி வருவார்கள். பன்றிகளுக்கும் அது ஒரு தேர்தல் விடுமுறை.

ஆனால் நாகஜோதியின் போட்டி, ஓட்டு எண்ணும் நாளுக்கு முன்பே முடிந்துவிடும்.

"வி.ஏ.ஓ. ஆபீசுல நோட்டீஸ் ஒட்டிருந்தாக சார்," என்றார் சுருளியாண்டி. "எல்லாரும் ஒப்படைக்கணும்னு. வீட்ல ரெண்டு துப்பாக்கி. பாப்பா டாக்டர் சர்டிபிகேட்டுக்கு மதுரைக்குப் போயிருந்துச்சு. பிள்ளைக்கு ஏன் அலைச்சல்னு நானே ரெண்டையும் கொண்டுபோய்ட்டேன். இந்தத் தடவ மொத ஆளு நாந்தேன் சார். ரசீது நம்பர் ஒண்ணு."

இத்தனைக்குப் பிறகும் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"ரைஃபிள் அங்கே இருக்கு, பெட்டி எப்படி இங்கே இருக்கு?"

"பெட்டி புதுசு சார். அங்கன எலி கெடக்கும். அதான் பெட்டிய பத்திரமா வீட்ல வச்சுட்டு, துப்பாக்கிய மட்டும் உரச்சாக்குல..."

நாகஜோதி கண்களை மூடிக்கொண்டாள். திருகு ஒரு கிளிக் நகர்ந்தாலே குறி மாறிப்போகும் கருவி அது. ஓடைப்பட்டி ரோட்டில், உரச்சாக்கில், பன்றித் துப்பாக்கியோடு கட்டிப்பிடித்துக்கொண்டு போயிருக்கிறது.

வேறு ரைஃபிள் இரவல் வாங்கிச் சுடக் கூடாதா என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். கன்னம் படும் இடம், தோள் படும் இடம், கை பிடிக்கும் இடம் எல்லாம் அவள் உடம்புக்கு அளவெடுத்துப் பொருத்தியது. அடுத்தவர் பல்செட்டை மாட்டிக்கொண்டு கறி தின்ன முடியுமா? தவிர, பயணக் காகிதங்கள் எல்லாவற்றிலும் இருப்பது இந்த ரைஃபிளின் நம்பர்தான். இதற்கு முன்பெல்லாம் சங்கத்து ரைஃபிளில் சுட்டவள். சொந்தமாக வாங்கியதே சென்ற வருடம். அதனால் அந்த வீட்டு ரைஃபிளுக்கு இதுதான் முதல் தேர்தல்.

எனக்கோ ஒரே எரிச்சல். ஏனென்றால், போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரர்களுக்கு இந்த உத்தரவிலிருந்து விலக்கு உண்டு. மேலிடத்திலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும் கடிதத்தில் அது தெளிவாக இருக்கும். பணியில் இருந்தவரை ஆயுத உரிமப் பிரிவில் நான் படித்த கடிதம்தானே?

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷனில் ரைட்டராக இருக்கும் ஏட்டு மரியாதையானவர். எழுந்து நாற்காலி போட்டார். அத்தோடு நல்ல விஷயங்கள் முடிந்தன.

"வாங்குன பொருள ஆர்டர் இல்லாம எப்படி சார் குடுக்குறது? நீங்க பாக்காத ரூல்ஸா?"

"லைசென்ஸ் இந்தப் பொண்ணு பேர்ல இருக்கு. அப்பா கொண்டு வந்ததை எப்படி வாங்கினீங்க?"

"அப்பனும் மகளுந்தான சார்."

"அப்ப மக கேட்கிறா, குடுங்க."

"அதெப்படி சார்? ஒப்படைச்சது அப்பாவாச்சே."

"அப்பாவும் இங்கேதான் நிக்கிறார். அவர்கிட்ட குடுங்க."

"இந்தத் துப்பாக்கிக்கு அவரு பேர்ல லைசென்ஸ் இல்லியே சார்."

ஒருவருடைய உரிமத்துத் துப்பாக்கியை இன்னொருவர் தூக்கிக்கொண்டு ரோட்டில் போவதே குற்றம். அதை ரசீது போட்டு வாங்கிக்கொண்டது அடுத்த தவறு. வாங்கும்போது எந்த விதியும் யாருக்கும் நினைவில்லை. கொடுக்கும்போது மட்டும் அத்தனை விதிகளும் வரிசையில் வந்து நிற்கின்றன.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. வெட்டிப்போட்ட கரும்புக்கட்டு மாதிரி, சுவர் மூலையில் சாத்தி வைத்த துப்பாக்கிகள். அதில் நாகஜோதியின் ரைஃபிள் தலைகீழாக நின்றது. முனையில் இருக்கும் குறிக்கருவியைச் சுற்றி இறுக்கமாக ஒரு கம்பி. கம்பியில் அட்டை. அட்டையில் அரக்கு முத்திரை.

அவளும் பார்த்தாள்.

"இதுல பன்னி விழுமாம்மா?" என்று ரைட்டர் அக்கறையாகக் கேட்டார்.

"விழாதுண்ணே. அட்டையிலதான் ஓட்டை விழும்."

"அதுக்கா இம்புட்டுக் கனம்?"

அடுத்து அலுவலகம். நான் வேலை பார்த்த அலுவலகம். வெறுமனே அலுவலகம் என்றே எழுதுகிறேன். என் பென்ஷன் காகிதங்கள் இன்னும் அவர்கள் கையில் இருக்கின்றன.

என் பழைய பிரிவை இப்போது பார்ப்பவர் ஒரு சுறுசுறுப்பான பெண். அப்பாவையும் மகளையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாரும் ஒப்படைக்கணும்னுதான சார் ஆர்டர்?"

"வீரர்களுக்கு விலக்கு உண்டும்மா. மேலிடத்துக் கடிதத்தைப் பாருங்க."

பார்த்தார். இருந்தது. பிறகு தங்கள் அலுவலக உத்தரவை எடுத்தார். மூன்றே பாரா. 'உரிமதாரர்கள் அனைவரும், எவ்வித விலக்குமின்றி, தவறாது, தயங்காது, தாமதியாது ஒப்படைக்க வேண்டும்.' விலக்கு பற்றி ஒரு வரி கூட இல்லை.

"எங்க ஆர்டர்ல அந்தப் பாராவே இல்லியே சார்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "யாரும்மா இந்த டிராப்ட் போட்டது? கடிதத்தில் இருப்பதைப் பார்த்து எழுதக்கூடவா கை வலிக்குது? தவறாது தயங்காதுன்னு வசனம் வேற."

"முன் கோப்பைப் பாத்துத்தான் சார் போடுவோம். தேதியை மட்டும் மாத்துவோம்."

"அந்த முன் கோப்பை எடுங்க. எந்த மகராசன் எழுதினான்னு பார்ப்போம்."

எடுத்தார். அதற்கும் முன் கோப்பு இருந்தது. அதற்கும் ஒன்று. ஒவ்வொன்றிலும் அதே மூன்று பாரா, வேறு தேதி. கடைசியாக, ஓரமெல்லாம் பழுத்துப்போன ஒரு கோப்பை ரெக்கார்டு ரூமிலிருந்து கொண்டுவந்து தூசி தட்டி என் முன்னால் வைத்தார்.

மகராசன் நான்தான்.

டிராப்ட் முழுவதும் என் கையெழுத்து. தவறாது, தயங்காது, தாமதியாது — என் வசனம். மேலதிகாரி பக்கத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தார். கீழே மேலிடத்துக் கடிதம். அதில் வீரர்களுக்கான விலக்குப் பாராவைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் என் குண்டு எழுத்தில் மூன்று சொற்கள்: 'இம்மாவட்டத்திற்குப் பொருந்தாது. விடுக.'

நினைவு வந்தது. நம் ஊரில் துப்பாக்கி என்றால் பன்றி, யானை, வரப்புத் தகராறு. இதில் விளையாட்டுக்குச் சுடுகிறவர் யார் இருக்கப்போகிறார்? எதற்கு வீணாக ஒரு பாரா? டைப்பிஸ்ட் கூட நன்றி சொன்னார். உத்தரவைச் சுருக்கமாக, அழகாக எழுதிவிட்ட திருப்தியில் நான் டீ குடிக்கப் போயிருப்பேன்.

நாகஜோதி அப்போது பிறந்திருப்பாளா என்றே தெரியவில்லை. பிறக்குமுன்னே அவளுக்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டேன்.

ஒரு விதியைச் சேர்க்க ஏழு கையெழுத்து வேண்டும். ஒரு வரியை விட்டுவிட ஒரு பென்சில் போதும்.

"பரவால்ல சார்," என்றார் அந்தப் பெண். "கையெழுத்து அழகா இருக்கு."

வெளியே வந்து இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். மறைத்திருக்கலாம்... ஆனால் அந்தக் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாகஜோதி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சுருளியாண்டிதான் முகம் மலர்ந்தார். "சார் எழுதுன ஆர்டரா? அதான் அம்புட்டுத் தெளிவா இருந்துச்சு. படிச்ச ஒடனே சாக்க எடுத்துட்டேன்."

அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து மனு எழுதினேன். தேர்வுக் கடிதம், சங்க உறுப்பினர் அட்டை, உரிமம் எல்லாவற்றுக்கும் நகல். என் சர்வீஸில் அவ்வளவு வேகமாக நான் எதையும் எழுதியதில்லை. ஆனால் விலக்குத் தர வேண்டியது, இதற்கென்றே இருக்கும் அதிகாரிகள் குழு. குழு கூடுவது வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் கூடாதா? கூடாது. வெள்ளிக்கிழமை கூடும் என்று விதி இருக்கிறது.

புதன் முதல் சனி வரை நாலு நாளும் அவள் ரைஃபிள் இல்லாமலே வீட்டில் பயிற்சி செய்தாள். சுவரில் ஒரு பொட்டை ஒட்டி, வெறுங்கையால் நின்று, மூச்சை அடக்கி, இல்லாத விசையை அழுத்தினாளாம். "பிள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பக்கத்து வீட்ல கேக்குறாக சார்," என்று சுருளியாண்டி போனில் சொன்னார்.

சனிக்கிழமை மாலை உத்தரவு வந்தது. ஸ்டேஷனில் ரைட்டர் கம்பியை வெட்டும்போது, "பாத்துண்ணே, பாத்துண்ணே" என்று நாகஜோதி சொல்லிக்கொண்டே நின்றாள். சுருளியாண்டி உதவிக்குக் கை நீட்டினார்.

"அப்பா, நீங்க தொடாதீக."

குறிக்கருவியின் திருகை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க இருந்துச்சுன்னே தெரியல சார்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாள் மதுரை ரேஞ்சில் சுட்டுக் குறியைச் சரிசெய்துகொண்டு, திங்கட்கிழமை விமானம் ஏறினாள்.

முடிவு சென்ற வாரம் வந்தது. பத்தாவது இடம். முதல் எட்டுப் பேர்தான் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். இரண்டே புள்ளியில் தவறிவிட்டது.

பழனிசெட்டிபட்டியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரரிடம் சொன்னேன். "பத்தாவதா?" என்று ஆற்றிக்கொண்டே கேட்டார். "மொத்தம் பத்துப் பேருதான் வந்தாகளா சார்?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் நாகஜோதி போன் செய்தாள். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அந்த நாலு நாள் ப்ராக்டிஸ் போனதாலயாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். அன்னைக்குக் காத்து. காத்துல தள்ளிப்போச்சு."

ஆடி மாதம் ஆளையே தள்ளும் காற்று எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கும். அந்தக் காற்றில் திராட்சைக் கொடி கட்டி வளர்ந்த பெண். அவளைக் காற்று தோற்கடித்ததாம்! சொல்கிறாள், நானும் கேட்டுக்கொண்டேன். மரியாதைக்காகச் சொல்லும் பொய்யை எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு எந்தக் கையேட்டிலும் விதி இல்லை.

போனை வைக்கும் முன்பு அவள் ஒன்று கேட்டாள். "சார், அந்தப் பென்சில் எழுத்து இன்னும் அங்கனதான் இருக்கா? அடுத்த தேர்தல்லயும் அதைப் பாத்துத்தான எழுதுவாக?"

மறுநாளே அலுவலகத்துக்குப் போனேன், சட்டைப்பையில் ஒரு ரப்பரோடு. அந்தப் பெண் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கோப்புல இருக்கறத அழிக்கக் கூடாது சார். தனியா மனு குடுங்க, பரிசீலிக்கிறோம்."

அவரைக் குறை சொல்ல முடியாது. பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.