ஜெஸிமாவின் பெயரை ஏற்காத கம்ப்யூட்டர்

பாலக்கரையில் தாஜுதீன் என்று பேர் சொன்னால் போதும், அவருடைய பைப் கடை வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். படித்தது அஞ்சாம் வகுப்பு. பதினாலு வயதில் கையில் ஸ்பேனர் எடுத்தவர். சவூதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் பம்ப், ஜெனரேட்டர், ஏசி என்று அவர் கழற்றி மாட்டாத மெஷின் கிடையாது. டிகிரி வாங்கிய இன்ஜினியர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற இடத்தில், மெஷின் மேல் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொன்ன மனிதர். திரும்பி வந்து மூன்று மாடி வீடு கட்டினார். எத்தனை பேருக்கு முடியும்? எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகன், ஹாலித். அவனும் சவூதியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து, வீட்டு முன்ஹாலில் கம்ப்யூட்டர் போட்டு, வெளிநாடு போகிறவர்களின் சர்டிபிகேட்டுகளை அரபியில் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். கீபோர்டில் இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்து ஸ்டிக்கர். போன மார்கழியில் ஒருநாள் டைப் அடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்தான். ஆஸ்பத்திரி வாசல் வரைதான் உயிர் இருந்தது. வயது முப்பத்தாறு. பிள்ளை குட்டி இல்லை. ஜெஸிமா என்கிற மனைவி மட்டும்தான்.

ஜெஸிமா இத்தா இருந்தாள். கணவன் மௌத்தானால் நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்பிளைகள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். முன்ஹாலிலோ துக்கம் கேட்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் தாஜுதீனின் மனைவி ரோஷன் பேகம் ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்தப் பெட்டியத் தொறங்க. புள்ள போட்டோ அதுல இருக்கும். எனக்கு அவன் மொகத்தப் பாக்கணும்."

பாஸ்வேர்டு ஜெஸிமாவுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஹாலித்தே சொன்னதுதான். அவள் பெயர், பின்னால் நிக்காஹ் நடந்த வருஷம். உள்ளறையிலிருந்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினாள். உறவுக்காரர்கள் சுற்றி நிற்க, தாஜுதீன் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். திரையில் எழுத்து தெரியவில்லை, புள்ளி புள்ளியாக விழுந்தது. தப்பு என்றது. மறுபடி அடித்தார். தப்பு. மூன்றாவது தடவையும் தப்பு.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர் மெஷினையெல்லாம் திறந்தவர், பெற்ற மகனின் மெஷினைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"மெஷின் பொய் சொல்லாது" என்றார் உரக்க. "இருவத்திரண்டு வருஷம் மெஷினோட குடும்பம் நடத்துனவன் சொல்றேன். இந்தப் பேரு இதுல இல்ல. அவன் மாத்திட்டான்."

"மாத்திட்டு வேற யார் பேர வெச்சானோ" என்று கூட்டத்தில் ஒரு மச்சினன் சிரித்தான்.

உள்ளறைத் திரை அசைந்து நின்றது.

மறுநாள் விடியுமுன் சுபுஹு தொழுகைக்கு ஆம்பிளைகள் கிளம்பிப் போன நேரத்தில் ஜெஸிமா தானே முன்ஹாலுக்கு வந்து அடித்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் அவள் பெயரை அவளிடமிருந்தும் வாங்கிக்கொள்ளவில்லை. அதன்பிறகு அந்தப் பெண் ஹாலித்தைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. இத்தா முடிந்த அன்றே அண்ணனோடு மணப்பாறைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லவில்லை. "போறேன் மாமி" என்றாள்.

ரோஷன் பேகம் விடவில்லை. "சீரங்கத்து ராவ் சார்கிட்டதான் அவன் இந்தக் கம்ப்யூட்டர வாங்குனான். அவர்கிட்ட கொண்டு போங்களேன்."

"நான் போயி இன்னொருத்தன்கிட்ட நிக்கறதா?"

"நின்னா என்ன, காலு தேஞ்சுருமா? அன்னைக்கு உங்க வாய் போட்ட போடுல ஒரு பொண்ணு பாதி உசுரா போயிட்டா. அது தெரியுதா உங்களுக்கு?"

தெரிந்துதான் இருந்தது. ஒரு வாரம் கடையில் மனசு ஒட்டாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சிபியூவைப் பெட்ஷீட்டில் சுற்றி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் பீமராவின் கடை. ஹாலித்தின் பெயரைச் சொன்னதுமே அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்க பாய். சேதி கேள்விப்பட்டேன். தங்கமான புள்ள."

"பாஸ்வேர்டு மாத்தி வெச்சுட்டுப் போயிட்டான். ஒடச்சுருங்க சார்."

பீமராவ் சிபியூவைத் தன் மானிட்டரில் மாட்டி ஓடவிட்டார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"பாய், இந்த மூலையில மூணு இங்கிலீஷ் எழுத்து இருக்கு பாருங்க."

தாஜுதீன் அன்றைக்கே பார்த்ததுதான். கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தார்.

"அரபின்னு அர்த்தம். கடைசியா அரபி அடிச்சிட்டு அப்படியே விட்டிருக்கார். நீங்க இங்கிலீஷ் எழுத்தப் பாத்துத்தான் அடிச்சிருப்பீங்க. உள்ள போனதெல்லாம் அரபி. புள்ளியா விழுறதால தெரியாது." கீபோர்டின் இடது பக்கம் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினார். மூலையில் எழுத்து மாறியது. "ஒடைக்கறதுக்கு முன்னாடி, தெரிஞ்சத ஒரு தடவ போட்டுப் பாருங்க."

மருமகளின் பெயரை வெளி மனிதரிடம் சொல்ல மனம் வராமல், தாஜுதீன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து அடித்தார். கடைசி எண்ணை அடித்ததும் திறந்துகொண்டது.

குர்ஆனை மூன்று தடவை ஓதி முடித்தவர், தம்மாம் கடைத்தெருவில் அரபியில் பேரம் பேசியவர். அரபிதான் அவரை ஏமாற்றியிருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

"இனிமே தொறக்கும்போதே இங்கிலீஷ்ல வர்ற மாதிரி செட் பண்ணிட்டேன் பாய்" என்றார் பீமராவ். போட்டோ, வீடியோ எதுவும் இருக்கிறதா என்று தேடச் சொன்னார் தாஜுதீன். ஊரார் சர்டிபிகேட்டுகள்தான் வரிசை வரிசையாக இருந்தன. ஹாலித்தின் முகம் பாஸ்போர்ட் சைஸில் ஒன்றே ஒன்று.

வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே மணப்பாறை பஸ்ஸைப் பிடித்தார். மடியில் சிபியூவோடு போய் இறங்கும்போது சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மாமா" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள் ஜெஸிமா. தண்ணீரை வாங்காமலே சொன்னார்.

"உன் பேருதாம்மா. அவன் மாத்தவே இல்ல. கீபோர்டு அரபியில நின்னுருக்கு. எனக்குத்தான் தெரியல. உன் பேரும் நிக்காஹ் வருஷமும் போட்டேன், தொறந்துருச்சு."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "அவரு பேசி அனுப்புனதெல்லாம் என் போன்ல இருந்துச்சு மாமா" என்றாள். "'ஜெஸி, வந்துட்டிருக்கேன்'னு சொன்னது, கறிக் கடையில நின்னுக்கிட்டு எவ்வளவு வாங்கறதுன்னு கேட்டது. ஏழு வருஷத்துது. நீங்க சொன்னதுக்கு மறுநாள் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"போனைக் குடும்மா. எடுத்துக் குடுக்கற ஆளு இருக்காங்க. நான் பாத்துக்கறேன்."

"அதயும் கடையில போட்டு வேற வாங்கிட்டேன் மாமா."

அடுப்படியில் அவள் அம்மா டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தக் கம்ப்யூட்டர்ல அவரு குரல் இருக்கா?"

"இல்லம்மா."

ஜெஸிமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் மாமா அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க? உங்களுக்கு உறுதியா தெரியுமா?"

"தெரியாதும்மா. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. ஏதாவது சொல்லணுமேன்னு சொல்லிட்டேன்."

அவள் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை கட்டும் வரைக்கும் தாஜுதீன் உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கவில்லை.