சிடுசிடு அண்ணனின் தவளை நடை

"குதிங்க" என்கிறார் அண்ணன். சாலையோரத்தில் நின்ற இடத்திலேயே எல்லோரும் ஒருமுறை குதிக்கிறோம். யாரிடம் சாவி குலுங்குகிறதோ, யார் கையில் வளையல் சத்தம் போடுகிறதோ, அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டுகிறார். கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் அவருடைய துணிப்பைக்குள் போய்விடும். பல் டாக்டரின் மனைவி ஒருமுறை, "இது கையை விட்டுக் கழலாதுங்க" என்றார். "அப்ப கையை வீட்ல வச்சுட்டு வாங்க" என்று பதில் வந்தது.

எங்கள் குடியிருப்பில் அவருக்குச் சிடுசிடு அண்ணன் என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கிரீஸும் இருட்டுமான குழிகளுக்குள் இறங்கி வேலை. மழைக்காலம் வந்தால் சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்களை ஊருக்கு வெளியே உள்ள சதுப்பு நிலத்துக்குத் தவளைச் சத்தம் கேட்க அழைத்துப் போவார். டார்ச் கூடாது, சென்ட் கூடாது, பேச்சு கூடவே கூடாது. நான் தவறாமல் போவதற்கு அந்தக் கடைசி விதிதான் காரணம்.

எந்தத் தவளைக்கும் அவருக்குப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. "இது எண்ணெய் போடாத கதவு. அவன் நடுமாடியில மாட்டிக்கிட்டவன், மணி அடிச்சுக்கிட்டே இருக்கான்" என்று தாழ்ந்த குரலில் முணுமுணுப்பார். நாங்கள் சிரித்தால் முறைப்பார். தும்மினாலும் முறைப்பார். போன வருடம் ஓர் ஆசிரியர், பதில் குரல் வருமா என்று பார்க்க, போனில் தவளைச் சத்தத்தைப் போட்டுவிட்டார். சுற்றிலும் கப்சிப். "உங்க வாசல்ல ஒருத்தன் வந்து உங்க குரல்லயே கத்துனா நீங்க வாயைத் திறப்பீங்களா சார்?" என்று கேட்டு, அவரைப் பாதியிலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்.

இந்த வருடம் முதல் மழைக்குப் பிறகு போனோம். நாங்கள் வழக்கமாக நிற்கும் கரையைக் காணோம். இடித்த வீடுகளின் செங்கல், உடைந்த கழிப்பறைப் பீங்கான், கம்பி நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் துண்டுகள் எல்லாம் பாதி நீர் வரை கொட்டிக் கிடந்தன. மிச்சமிருந்த தண்ணீரில் தவளைகள் நெருக்கியடித்துக் கத்தின. அண்ணன் முகம் கறுத்தது.

"எவன்டா அவன்?" என்று கத்தினார். முணுமுணுப்பைத் தாண்டி அவர் அங்கே குரலை உயர்த்தியது அன்றுதான். "தெருவுல ஒரு குப்பைத்தொட்டி வச்சா நாலு பேரு சண்டைக்கு வர்றீங்க. இங்க ஊரையே இடிச்சுக் கொண்டாந்து கொட்றான், கேக்க நாதியில்ல!"

அந்நேரம் ஒரு டிப்பர் லாரி பின்பக்கமாகவே ஊர்ந்து வந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து தலையை நீட்டியவர், அண்ணனின் தங்கை கணவர்.

"என்ன மச்சான், கச்சேரியா? டிக்கெட் உண்டா?"

"மாப்ள, நீயா? நீயாடா இதைக் கொட்றது?"

"நான் வண்டி ஓட்றவன். கொட்டச் சொல்றது முதலாளி. நான் வரலைன்னா இன்னொருத்தன் வரப்போறான்."

"அவன் வரட்டும், அவனை நான் பாத்துக்கறேன். நீ வண்டியை எடு."

"எடுத்துட்டு? வேலை போச்சுன்னா உங்க தங்கச்சியும் பிள்ளைங்களும் எதைத் திம்பாங்க, தவளையையா? போங்க மச்சான், போய் லிஃப்ட்டைப் பாருங்க."

எனக்குக் கோபம் பொங்கியது. அந்த மாப்பிள்ளை மீதா, அவரை ஏவிவிட்டு எங்கோ சாய்ந்து உட்கார்ந்திருக்கும் முதலாளி மீதா, கையைக் கட்டிக்கொண்டு நின்ற எங்கள் மீதா, யார் மேல் கோபம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தங்கை பேச்சு வந்ததும் அண்ணன் அடங்கிப்போனார். இன்ஜின் உறுமியது. தவளைகள் ஓய்ந்தன. லாரியின் பின்பெட்டி மெல்ல மேலெழத் தொடங்கியது.

அண்ணன் இடிபாடுகளின் மேல் ஏறி நடந்தார். கொட்டப்போகும் இடத்துக்கு நேராக, தண்ணீர் விளிம்பில் போய் நின்றார்.

"மச்சான்! விலகுங்க! கல்லு சரியுது மச்சான்!" மாப்பிள்ளையின் குரல் கிழிந்தது.

பெட்டி பாதியில் நின்றது. ஒரு செங்கல் மட்டும் உருண்டு வந்து அவர் குதிகாலுக்கு அருகே விழுந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. லாரிக்கு முதுகைக் காட்டியபடி, ஓய்ந்துபோன தண்ணீரின் பக்கம் தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.