லண்டனுக்குப் போன என் இரண்டு நாள்

மச்சாளின் படத்தை அம்மா ஷோகேஸ் கண்ணாடிக்குள் வைத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் பார்த்துச் சாப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். லண்டனில் ஒரு செங்கல் வீட்டின் முன்னால், முழங்கால்வரை நீண்ட கோட்டுக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்தவள் என்று வீடு அரசாங்கம் கொடுத்ததாம். கிழமைக்குக் கிழமை செலவுக்கும் கொடுக்கிறார்களாம். இங்கிலீஷ் படிக்கக் கொலிஜில் இடம், அதுவும் இலவசமாக.

"பாத்தியே, எவ்வளவு வடிவா நிக்கிறாள்," என்று அம்மா வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டினா. எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அவள் என் மாமாவின் மகள், என் வயதுதான். யாழ்ப்பாணத்தில் அவர்களின் வீட்டில் ஷெல் விழுந்து மாமா போன பிறகு, வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடி அறைக்கு ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். ஒன்றரை வருடம் ஒரே கட்டிலில் படுத்தோம். வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் பொலிஸில் பதிகிற போர்மைக்கூட அவளுக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் டைப் அடிக்கிற எனக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. அவளுக்கோ ஒரு வசனம் எழுத ஒரு மணித்தியாலம் வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு லண்டனில் கொலிஜ், எனக்குக் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் நிற்க இடமில்லை.

அவள் போவதற்குச் சில மாதம் முன்பு ஒரு காலையில் எங்கள் ஒழுங்கை வீடுகளைப் பொலிஸார் சுற்றி வளைத்தார்கள். மச்சாள் அம்மாவோடு பம்பலப்பிட்டி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கந்தோருக்கு வெளிக்கிட்டு நின்றேன். அடையாள அட்டையைப் பார்த்த பொலிஸ்காரன், "நங்கி, யாப்பனயத?" என்று சிங்களத்தில் கேட்டான், தங்கச்சி யாழ்ப்பாணமா என்று. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றதும் ட்ரக்கில் ஏறச் சொன்னான். ஸ்டேஷனில் செருப்பைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். இரண்டு நாள் ஒரு மரவாங்கில் இருத்தி ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஒரு பொலிஸ்காரி என் பின்னலை அவிழ்த்து உள்ளே எதையாவது ஒளித்திருக்கிறேனா என்று தேடினாள். கந்தோர்க் கடிதத்தோடு அம்மா வந்த பிறகுதான், இரண்டு நாள் வைத்திருந்ததாக என் பெயரில் ஒரு துண்டு எழுதித் தந்து விட்டார்கள். செருப்புத் திரும்பக் கிடைக்கவில்லை. காலி வீதியின் சுடுகிற தாரில் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். என் காலைக் கழுவிவிட்டவள் மச்சாள். நடந்ததையெல்லாம் அவளுக்கு மட்டும்தான் சொன்னேன்.

பிறகு பிரான்சிலிருந்த அவளுடைய அண்ணன் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து அவளை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். இறங்கியதும் அசைலம் அடித்தாள்.

படம் வந்த இரண்டாம் மாதம் கீழ்வீட்டுத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"மச்சாள், என்ர கேஸை ரிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள். சண்டை எல்லாருக்கும் பொதுவாம், அப்பா செத்ததும் காணாதாம். உனக்குத் தனிப்பட என்ன நடந்தது எண்டு கேக்கினம்."

"நீ என்ன சொன்னனீ?"

"அப்பீலுக்கு... உன்ர கதையை எனக்கு நடந்ததெண்டு சொல்லிப்போட்டன். என்னைப் பிடிச்சுக்கொண்டு போனதைக் கண்டனான் எண்டு நீ ஒரு கடிதம் எழுதித் தாவன்."

எனக்குச் சொந்தமாக இருந்தது அந்த இரண்டு நாள்தான். அதையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாளே என்றிருந்தது. மாட்டேன் என்று போனை வைத்துவிட்டேன். அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "தகப்பன் இல்லாத பிள்ளை. திருப்பி அனுப்பினா எங்க போவாள்?" என்று மட்டும் கேட்டா.

கந்தோரில் மதிய இடைவேளையில் டைப் அடித்தேன். அவளுடைய பெயரைப் போட்டுத் தொடங்கினேன். வாங்கு, பின்னல், செருப்பு, சுடுகிற தார், எல்லாம் தானாக வந்தன. நல்ல இங்கிலீஷ். வாசித்துப் பார்த்தபோது அவள்மேல் எனக்கே இரக்கம் வந்தது, அதனால் ஆத்திரமும் வந்தது. அவள் கேட்காத ஒன்றைக் கடைசியில் சேர்த்தேன்: நான் ஒரு மதிப்பான நிறுவனத்தில் வேலை பார்ப்பவள், என் பத்திரங்கள் எல்லாம் ஒழுங்கானவை, அதனால் என்னைப் பொலிஸார் ஒருநாளும் தொட்டதில்லை. அந்த ஒரு தாளிலாவது அவளைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் போலிருந்தது. கீழே என் முழுப் பெயரையும் வெள்ளவத்தை விலாசத்தையும் அடித்துக் கையெழுத்து வைத்தேன்.

அப்பீல் வென்றது. "உன்ர கடிதத்தை நீதவான் சத்தமா வாசிச்சவர்," என்று அழுதாள். அம்மா அவளுடைய இன்னொரு படத்தைக் கண்ணாடிக்குள் வைத்தா.

இரண்டு வருடம் கழித்து எங்கள் ஒழுங்கையில் மறுபடியும் ஆட்களை அள்ளத் தொடங்கினார்கள். கந்தோரில் தமிழ்ப் பிள்ளைகளை வேலையால் நிற்பாட்டினார்கள், என்னையும்தான். அம்மா தன் சங்கிலியை விற்று எனக்கும் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்தா. வருகிறேன் என்று சொல்ல மச்சாளுக்கு நானே போன் எடுத்தேன். என்னை இரண்டு நாள் வைத்திருந்த பொலிஸ் துண்டு, என் பெயரோடு, பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கம் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மச்சாள், கோவியாதை. அந்தத் துண்டைக் கொண்டு வந்திடாதை. உன்னை ஒருநாளும் தொடேல்லை எண்டு நீதானே எழுதித் தந்தனீ. அது இங்க ஃபைல்ல கிடக்கு. இப்ப நீ மாத்திச் சொன்னா ரெண்டு பேரையும் அனுப்பிப்போடுவாங்கள்."

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் அதற்கு இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பிழையில்லாத இங்கிலீஷ்.