முறுக்கு டின்மேல் தொங்கிய டோக்கன்

பிள்ளைகளா, போன சனிக்கிழமை முறுக்கு டின்மேல் தொங்கும் பித்தளை டோக்கனைக் கழற்றியது நீங்கள் இல்லை. நான்தான். டோக்கன் இல்லாததைப் பார்த்துவிட்டு, இனித் தடை ஒன்றும் இல்லை என்று நீங்கள் மூன்று பேரும் டின்னைக் காலி செய்ததும், டோக்கனைத் தொலைத்ததும் நீங்கள்தான் என்று அம்மா உங்களைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்ததும் சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் முழுக்கதையையும் சொல்ல வேண்டிவரும், அம்மா நடுவில் நடுவில் திருத்துவாள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

அந்த டோக்கன் உங்கள் மாமாவுடையது, அதாவது அம்மாவின் அண்ணனுடையது. மாமா முதலில் தங்கச் சுரங்கத்துக்குள் பம்ப் பிட்டராக இருந்தார். கேஜில், அதாவது ஆட்களை இறக்கும் கூண்டில், ஏறிக் கீழே போகிற ஒவ்வொருவருக்கும் எண் அடித்த டோக்கன் ஒன்று உண்டு. போகும்போது மேலே பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிப்டு முடிந்து சங்கு ஊதிய பிறகும் ஒரு டோக்கன் பலகையில் தொங்கினால், ஒரு ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். மாமா மேலே வண்டிப் பட்டறைக்கு மாறி வந்தபோது வேறு எண் கொடுத்தார்கள். பழையதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் கீழே பழகிய பழக்கத்தை மேலேயும் விடவில்லை. எந்த வண்டியைப் பிரித்தாலும் அந்த டோக்கனை ஸ்டீரிங்கில் மாட்டிவிடுவார். "டோக்கன் தொங்கினா நான் உள்ள கீறேன்னு அர்த்தம். நான் டீ குடிக்கப் போயிருந்தாலும் உள்ளதான் கீறேன்" என்பார்.

நான் அப்போது அதே சுரங்கத்தின் தண்ணீர்ப் பிரிவில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய டீசல் ஜீப். பேத்தமங்களா ஏரியிலிருந்து நம் ஊருக்கு வரும் பெரிய குழாயை ஒட்டியே அதன் பிழைப்பும் என் பிழைப்பும் ஓடின. சேறாக இருந்தாலும் கல்லாக இருந்தாலும் ஏறிவிடும். ஆனால் கொஞ்ச நாளாக எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு சத்தம், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல. மாமா ஒரு கம்பியை எஞ்சின்மேல் ஊன்றி, மறு முனையில் காதை வைத்துக் கேட்டார். டைமிங் செயின் தொங்கிவிட்டது என்றார். எஞ்சினுக்குள் பிஸ்டன்களோடு சுற்றும் தண்டு ஒன்று, வால்வுகளைத் திறக்கும் தண்டு ஒன்று. இரண்டையும் ஒரே கணக்கில் சுற்ற வைப்பது அந்தச் செயின்தான். ஒரு பல் தவறினாலும் பிஸ்டன் மேலே வருகிற நேரத்தில் வால்வு கீழே இறங்கி நிற்கும். இரண்டும் இடித்துக்கொள்ளும்.

இதற்கு நடுவில் என் சொந்தக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவைப் பெண் கேட்க எங்கள் வீட்டார் போவதாக இருந்தது. கோரமண்டல் ரயில் ஸ்டேஷனில் அவளை நாலைந்து முறை பார்த்ததுதான், ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்களுக்கு அப்பா இல்லை. மாமா சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. மாமாவுக்கோ டிரைவர்கள் என்றாலே ஆகாது. "ஸ்டீரிங்கு புடிக்கத் தெரியும், வேற இன்னா தெரியும் இவனுங்களுக்கு" என்று என் காதுபடவே சொன்னவர்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தார். மறுநாள் பம்ப் ஆட்களை ஏற்றிக்கொண்டு நான் பேத்தமங்களாவில் இருக்க வேண்டும். பட்டறைக்குள் இடம் இல்லாததால் வெளியே முற்றத்தில் வண்டி நின்றது. ரேடியேட்டர் இறங்கியது, பெல்ட் இறங்கியது, வாட்டர் பம்ப் இறங்கியது. எஞ்சின் லேசாகச் சுற்றட்டும் என்று ஹீட்டர் பிளக்குகளையும் எடுத்துவிட்டார். முன்பக்கப் பெரிய நட்டைத் திருகும்போது எஞ்சின் கூடவே சுற்றாமல் இருக்க வண்டியை டாப் கியரில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தார். மூடியைத் திறந்து, இரண்டு பல்சக்கரங்களிலும் இருந்த புள்ளிகளை நேருக்கு நேர் கொண்டுவந்து, பழைய செயினைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அது செத்த பாம்பு போல மடங்கித் தொங்கியது. புதுச் செயின், டென்ஷனர், ஆயில் சீல் எல்லாம் ஒரு சாக்கின்மேல் வரிசையாகக் காத்திருந்தன. மாமா கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

நல்ல வெயில். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி வேறு காற்றில் வந்துகொண்டிருந்தது. பத்தடி தள்ளி வேப்பமர நிழல். திரும்பி வருகிறவர் நிழலில் வேலை செய்யட்டும், டிரைவர் கரிசனமுள்ளவன் என்று நினைக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. டோக்கன் தொங்கியதைப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்தால்தானே தப்பு, தள்ளினால் என்ன என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்லை எடுத்து, ஹாண்ட் பிரேக்கை விட்டு, வாட்ச்மேனையும் கூப்பிட்டுத் தள்ளினேன். கொஞ்ச தூரம் லேசாகத்தான் போனது. பிறகு உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. அப்போதுதான் கியர் ஞாபகம் வந்தது. சக்கரம் சுற்றினால் எஞ்சினும் சுற்றும், செயின் இல்லாத எஞ்சின். ஆறு வருஷம் வண்டி ஓட்டியவன் கியரைத் தொட்டுப் பார்க்காமல் தள்ளியிருக்கிறேன்.

வாட்ச்மேனுக்கு ஒரு கவலையும் இல்லை. "இன்னாத்துக்குப் பயப்படறே? திரும்ப அதே எடத்துல வுட்டுடலாம். அவருக்கு இன்னா தெரியப் போவுது" என்றார். வந்த வழியே பின்னால் தள்ளினோம். கல்லையும் வைத்தோம். குனிந்து பார்த்தேன், இரண்டு புள்ளிகளும் பழையபடி நேருக்கு நேராக நின்றன. எதுவுமே நடக்காதது போல் இருந்தது.

மாமா வந்தார். புதுச் செயினை எண்ணெயில் முக்கி எடுத்தார். பல்சக்கரத்தின்மேல் அதை வைக்கப் போகிற நேரத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"அண்ணே, நீங்க சாப்பிடப் போனப்ப நான் வண்டியத் தள்ளினேன். உள்ள டக்குன்னுச்சு. திரும்ப அங்கயே வச்சுட்டேன்."

செயின் அப்படியே அவர் கையில் நின்றது. "டோக்கன் தொங்குச்சா இல்லியா?"

"தொங்குச்சு."

"கியரு பாத்தியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"கியரு பாக்காத டிரைவரு" என்று ஜீப்பிடம் சொன்னார், என்னிடம் இல்லை. "இவனுக்கு வண்டியும் குடுத்து சம்பளமும் குடுக்கறாங்க."

தூரத்திலிருந்து வாட்ச்மேன், "நான் அப்பவே வேணாம்னேன்" என்றார்.

மாமா செயினை மறுபடி சாக்கின்மேல் வைத்தார். எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து, வால்வைத் தள்ளித் திறக்கிற ராடுகளை ஒவ்வொன்றாக உருவி, தட்டையான இரும்புப் பலகையின்மேல் உருட்டினார். ஏழு ராடு ஓசையில்லாமல் உருண்டது. எட்டாவது நொண்டியது. அதை என் மூக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். தெரிந்தும் தெரியாத ஒரு வளைவு. அப்படியே மாட்டியிருந்தால் பேத்தமங்களா ரோட்டில் பாதி வழியில் எஞ்சின் வாய் பிளந்திருக்கும், பழி செயின் மாட்டியவர்மேல் விழுந்திருக்கும். பழைய இரும்புக் குவியலைக் கிளறி, இதே மாதிரி எஞ்சினிலிருந்து ஒரு ராடு கொண்டுவரும் வேலை எனக்கு. வால்வுகள் நல்ல வேளையாகத் தப்பித்திருந்தன. சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் எல்லாம் ஏறிவிட்டது. மாமா ஹாண்டில் போட்டு எஞ்சினை இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கூழாங்கல் சத்தம் போயே போய்விட்டது. மாமா டோக்கனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். ஞாயிற்றுக்கிழமை போகாமலே இருந்துவிடலாமா என்று யோசித்தேன்.

அன்று மாமா வீட்டுக்குப் போய்ச் சொன்னதை அம்மா எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். "ஒரு ராடை வளைச்சுட்டான். வந்து சொன்னான் பாரு, முறுக்கு திருடி மாட்டிக்கினவன் மாதிரி நின்னுக்கினு" என்று சொல்லிவிட்டு, சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் தட்டோடு உட்கார்ந்திருக்க, மாமா எல்லோர் முன்னாலும் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் மாப்ள, வூட்ல பீரோவ நகத்தறதுன்னாலும் கியரு பாப்பீங்களா?" என் பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உள் அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. உங்கள் அம்மாவின் குரலை நான் முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

தனிக்குடித்தனம் வந்த அன்று மாமா அந்த டோக்கனை அம்மாவிடம் கொடுத்தார். "இவரு தொடக் கூடாதுன்னு எத நெனைக்கிறியோ அதுமேல மாட்டு" என்றார். அம்மா நேராக முறுக்கு டின்னைத் தேர்ந்தெடுத்தாள். நீங்கள் பிறப்பதற்கு முன்பே அந்தத் தடை எனக்காக வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

போன வாரம் அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்தவர்கள் சனிக்கிழமை இழுத்துப் போக வருவதாகத் தகவல் வந்தது. இங்கே பாலகாட் பக்கத்தில் இருக்கும் மாமாவைப் பார்த்துச் சொன்னேன். "நான் போட்ட செயின் இன்னும் நல்லாத்தான் இருக்கும். வேணும்னா அத்த மட்டும் கழட்டிக்கினு வா" என்று சிரித்தார். காலையில் நீங்கள் தூங்கும்போதே டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பட்டறை முற்றத்தில் யாரும் இல்லை. வேப்பமரம் இப்போது ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் நிழல் கொடுக்கிறது. டயர்களில் காற்று இல்லை, சீட்டில் கோழி முட்டையிட்ட தடம் இருந்தது. துடைத்துவிட்டு உட்கார்ந்து, டோக்கனை ஸ்டீரிங்கில் மாட்டினேன். பிறகு கியரைத் தொட்டுப் பார்த்தேன். யாரோ கியரில் போட்டு விட்டிருந்தார்கள். இழுக்கும்போது எஞ்சினும் சேர்ந்து சுற்றாமல் இருக்க, கிளட்சை மிதித்து அதை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் டோக்கனைக் கழற்றினேன்.