அத்தான் முகர்ந்த கிண்ணம்

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், எங்கள் வேதக்கோயிலின் திருவிருந்துக் கிண்ணம் என் சமையல் மேடைக்கு வந்துவிடும். பித்தளைக் கிண்ணம், மேலே வெள்ளி முலாம். எத்தனையோ பேருடைய உதடு பட்டுப் பட்டு விளிம்பில் ஒரு பக்கம் முலாம் போய் மஞ்சள் தெரியும். அதைக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைப்பேன். பிறகு பிரிட்ஜில் இருக்கும் திராட்சைச் சாற்றுப் பாட்டிலைத் திறந்து, ஒரு முறைக்கு இரண்டு முறை முகர்ந்து பார்ப்பேன். “என்ன அத்த, போலீஸ் நாய் மாதிரி மோந்து மோந்து பாக்குறீங்க” என்று என் மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். இந்தப் பழக்கம் என் அத்தானிடமிருந்து எனக்கு வந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். உத்தமபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் திராட்சைப் பந்தல் போட்ட அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். கிணற்று மோட்டார் எரிந்துபோனால், கொடி வாடுவதற்குள் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றித் தண்ணீர் ஓட வைத்துவிடுவார். ஆனால் அது குடிக்காத நாளில். குடித்த நாளில் கடை பூட்டிக் கிடக்கும். தோட்டக்காரர்கள் எரிந்த மோட்டாரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள், அவள் கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். மூத்த மகளுக்கு, முதல் திருவிருந்துக்குத் தகுதியாக்கும் திடப்படுத்தல் ஆராதனை நடந்த காலையில், வெள்ளைச் சேலை கட்டி அந்தப் பிள்ளை பிஷப்புக்கு முன்னால் முழங்காலிட வேண்டிய நேரத்தில், அத்தான் கோயில் வாசலில் செருப்புகளுக்கு நடுவே விழுந்து கிடந்தார். அக்கா அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். நானும்தான் தாண்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை இரண்டு வருஷம் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை.

எப்படி விட்டார் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வானம் திறந்தது, வெளிச்சம் தெரிந்தது என்று சாட்சி சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில், தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எங்கள் போதகரிடம் போய் நின்று, “ஐயா, என்னால ஏலல. இனி நீங்களாச்சு, ஒங்க ஆண்டவராச்சு” என்றிருக்கிறார். போதகர் வசனம் எதுவும் சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவரைக் கையோடு பஸ்ஸில் ஏற்றித் தேனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். சிகிச்சை முடிந்து வந்த பிறகு, தினமும் காலையில் கடை திறந்ததும், எரிந்த மோட்டார்களுக்கு நடுவே இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் ஜெபம் செய்வார்கள். ஒரு நாளைக்கு மேல் அத்தான் எதையும் கேட்க மாட்டார். “இன்னைக்கிச் சோத்த இன்னைக்கித்தான ஆண்டவரு கேக்கச் சொல்லியிருக்காரு. அது மாதிரி இன்னைக்கிக் குடிக்காம இருக்க இன்னைக்கிக் கேக்குறேன். நாளைக்கி உள்ளதுக்கு நாளைக்கி வருவேன்” என்பார். இப்படியே ஏழு மாதம் ஓடியது. டிராக்டர்கள் மறுபடியும் கடைக்கே வந்தன. ஒரு காலையில் மூத்தவள் டம்ளரை நீட்டி, “அப்பா, காப்பி” என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா என் தோளில் அழுதாள்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திருவிருந்தில் அத்தான் அப்பத்தை வாங்குவார். கர்த்தருடைய ரத்தமாக நாங்கள் குடிக்கும் ஒயின் கிண்ணத்தில் கிட்டே வருவதற்குள் எழுந்து, தலையைத் தொங்கப் போட்டபடி போய்விடுவார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஏழு மாதமும் அப்படியே. சபையில் கசமுசா என்று பேச்சுக் கிளம்பியது. ஆள் இன்னும் ஒளித்துக் குடிக்கிறார், அதனால்தான் கர்த்தருடைய கிண்ணத்தைத் தொடப் பயம் என்றார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஈஸ்டருக்கு முந்தின நாள் நேரே கடைக்குப் போய், “ஏன் அத்தான், கர்த்தரோட ரத்தம் ஒங்களுக்கு ஆகாதோ?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை. “அந்த வாசம் இருக்கு பாரு ஆத்தா, கிட்ட வந்தாலே நாக்கு ஊறுது. அது கர்த்தரோட ரத்தம்னு மனசுக்குத் தெரியிது. தொண்டைக்குத் தெரியலையே.”

“விசுவாசம் இருந்தா ஒண்ணும் செய்யாது அத்தான். ஆண்டவரு விடுதலை குடுத்தாருன்னு சொல்றீக, அப்பறம் என்ன பயம்? ஊரு பேசுறது அக்கா காதுலயும் விழுகுதுல்ல?”

அக்கா பேரை இழுத்ததும் அவர் கை நின்றது. நான் ஜெயித்துவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்தேன். பத்தாம் வகுப்புக்கு நொதித்தல் பாடம் நடத்துகிறவள் நான். சாராயம் எதில் எப்படி உண்டாகிறது என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். பீடத்தில் வைத்துவிட்டால் மட்டும் அது மாறிவிடும் என்று எந்தப் புத்தியில் நம்பினேனோ!

ஈஸ்டர் காலையில் அத்தான் எழுந்து போகவில்லை. கிண்ணம் வந்தது. அவர் கைகள் நடுங்கின. வாங்கிக் குடித்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம் பிரியாணி ஆறிப்போய்க் கிடந்தது, அத்தான் வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. புதன்கிழமை, வைகை அணைப் பூங்காவில் அவரைப் பார்த்ததாகச் சபையைச் சேர்ந்த ஒருவர் போன் செய்தார். நானும் அக்காவும் பஸ் மாறி மாறிப் போனோம். உச்சி வெயிலில், காலில் செருப்பில்லாமல், ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வாந்தி. எங்களைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டார். “ஒரு வாய்தான் ஆத்தா கோயில்ல குடிச்சேன். மத்ததெல்லாம் அந்த ஒரு வாய் கேட்டது.” நான் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பூங்காவில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். “என்னய மன்னிச்சிருங்கத்தான்” என்றேன். அதுவரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே போதகர் வீட்டுக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “கிண்ணத்த நீட்டுனது நான்தானம்மா. அவர் கை நடுங்குனதப் பாத்தேன். பக்தியில நடுங்குதுன்னு நெனச்சேன்” என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் காலையில் கடை திறந்தபோது போதகர் அங்கே இருந்தார். அத்தானும் வந்தார். அன்றைக்கு உள்ளதை மட்டும், முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் சபைக் கூட்டம் கூடியது. ஒயினுக்குப் பதிலாகக் காய்ச்சிய திராட்சைச் சாறு வைக்கலாம் என்று போதகர் சொன்னதும் ஒரே சத்தம். ஒரு ஆளுக்காகத் தலைமுறை வழக்கத்தை மாற்றுவதா என்றார்கள். அவருக்கு மட்டும் ஒரு சின்ன டம்ளரில் தனியாகக் கொடுத்துவிடலாமே என்று ஒரு பெரியவர் சமாதானம் பேசினார். அது நல்ல யோசனை என்று எனக்கே தோன்றியது. கூட்டத்தில் வாயே திறக்காத என் அக்கா எழுந்தாள். “இந்த வாசல்ல அவுக விழுந்து கெடந்தப்ப, நான் தாண்டிக்கிட்டுப் போனேன். இன்னொரு தடவ அவுகள ஒதுக்கி வைக்க என்னால ஏலாது. குடுத்தா எல்லாருக்கும் ஒரே கிண்ணத்துல குடுங்க.” சொல்லிவிட்டு உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாருக்கும் சாறுதான் என்று அன்றைக்கே முடிவானது.

அனுமந்தன்பட்டியில் அத்தானிடம் மோட்டாரைச் சரிசெய்துகொள்ளும் ஒரு தோட்டக்காரர், விஷயம் கேள்விப்பட்டு, “சாமி காரியம்ல, நல்ல கொத்தாப் பாத்து வெட்டிக்கங்க” என்று பந்தலையே காட்டிவிட்டார். பன்னீர் திராட்சை. உதிர்த்து, கழுவி, கொதிக்க வைத்து, மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மறுபடி கொதிக்க வைத்தேன். யாரும் சொல்லாமலே அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கிண்ணம் வந்தபோது அத்தான் உடனே குடித்துவிடவில்லை. முதலில் முகர்ந்து பார்த்தார், நிதானமாக, மோட்டாரில் கருகல் வாடை அடிக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு குடித்தார். அவர் எழுந்து திரும்பும்போது, பல வருஷமாகப் பீடத்துப் பக்கமே வராத இரண்டு பேர் பின் வரிசையிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் போஸ்ட்மேன், இன்னொருவர் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவர். குடியோடு மல்லுக்கட்டுகிறவர் எங்கள் சபையில் ஒருவர்தான் என்று அதுவரை நினைத்திருந்தோம்.

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் அத்தான் முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகர்ந்தவர், தலையை ஆட்டிவிட்டு, கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆராதனை முடிந்ததும் சிரித்துக்கொண்டே வந்து, “ஏத்தா, நேத்துப் பூராம் ஒங்க தெருவுல கரண்டு இல்லையோ? சாறு புளிச்சிருச்சு” என்றார். முன்பு அதே இடத்திலிருந்து தலை குனிந்து போன மனிதர்! ஆண்டவர் கொடுத்த விடுதலை என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் விளங்கியது. ஆசை செத்துப்போய்விட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு வெட்கப்படுவதைத்தான் விட்டிருந்தார். கேட்க வேண்டியதைக் காலையிலேயே கேட்டுவிட்டதால், வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பு இருந்தது.

பத்து வருஷத்துக்கும் மேல் அப்படியே இருந்தார். இரண்டு மகள்களையும் கைப்பிடித்துக் கோயிலுக்குள் அழைத்து வந்து மணமுடித்துக் கொடுத்தார். கல்லீரல் மட்டும் பழசை மறக்கவில்லை. தேனியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இப்போதைய இளம் போதகர் திருவிருந்து கொடுக்க வந்தார். கட்டிலைச் சுற்றி அக்கா, மகள்கள், நான். அத்தான் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். போதகர் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனதும் அவர் கையைத் தூக்கித் தடுத்தார். கண்கள் என்னைத் தேடின. “ஏத்தா,” என்றார், மூச்சு வாங்க வாங்க. “எனக்கு வாசம் தெரியல. நீ மோந்து பாத்துச் சொல்லு.”

ஒரு காலத்தில் விசுவாசம் பேசி அவரைக் குடிக்க வைத்தவள் நான். கிண்ணத்தை வாங்கி முகர்ந்தேன். அழுது அழுது என் மூக்கும் அடைத்திருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி முகர்ந்தேன்.

“நல்லாருக்கு அத்தான். நேத்துக் காச்சுனது. குடிங்க.”

அவர் குடித்தார்.

இதோ, அத்தான் போன பிறகு, இந்தச் சனிக்கிழமையும் கிண்ணம் மேடையில் இருக்கிறது. நாளைக்குப் பீடத்தண்டை வருகிறவர்களில் யாருக்கு ஒரு வாய் போதாமல் போகும் என்று எனக்குத் தெரியாது. பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். நல்லாருக்கு அத்தான்.