சுவருக்குப் பின்னால் நிற்பவன்

எங்கள் விளையாட்டில் வில்லன் நான்தான். ஒரு பக்கம் நான்கு பேர், எதிர்ப்பக்கம் ஒரே ஆள். எதிர்ப்பக்கம் இருக்க வேறு ஆள் கிடைக்காததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான்கு பேரில் ஒருத்தி என் மனைவி. குவைத்தில் நர்ஸ். மற்ற மூவரும் அவளோடு ஒரே ஃபிளாட்டில் தங்கியிருக்கும் மலையாளத்துப் பெண்கள், அவர்களும் நர்சுகள்தான். நான் இங்கே கேரள எல்லையோரம் ஆரியங்கோட்டில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். அமரவிளையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை முடிந்து வந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டு, ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். அங்கே அவர்கள் டியூட்டியை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். அம்மா ஒரு முறை என் தோளுக்கு மேல் எட்டி மைக்கில் ‘சுகந்தானே மக்கா’ என்று கத்துவாள். பிறகு ஆட்டம் தொடங்கும்.

திரையில் பாழடைந்த ஒரு மரம் அறுக்கும் மில், ஒரே இருட்டு. நான்கு பேரும் ஒளிந்து ஒளிந்து போய் அங்கே கிடக்கும் இயந்திரங்களை ஓட வைக்க வேண்டும். எல்லாம் ஓடினால் கேட் திறக்கும், தப்பிக்கலாம். வில்லன் அவர்களைப் பிடித்துக் கூண்டில் போட வேண்டும். கூண்டில் கிடப்பவளை மற்றவர்கள் வந்து திறந்துவிடலாம். தாமதமானால் அவள் கதை முடிந்தது. வில்லனுக்கு ஆனை மாதிரி உடம்பு, கையில் கோடாலி, பலகைச் சுவரை உடைக்கும் பலம், நெஞ்சில் ஒரு சிவப்பு விளக்கு. இத்தனையும் வைத்துக்கொண்டு முதல் இரண்டு மாதம் நான் ஒருத்தியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

கண்ணில் முதலில் படுகிறவளைத் துரத்துவேன். அவள் அங்கே கிடக்கும் மரத்தடிகளைச் சுற்றிச் சுற்றி ஓடி என்னை நாய்படாத பாடு படுத்துவாள். அதற்குள் மற்ற மூவரும் ஆற அமர எல்லா இயந்திரத்தையும் ஓட விட்டிருப்பார்கள். கேட்டைத் தாண்டும்போது நால்வரும் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக் கேலியாகக் குனிந்து குனிந்து எழுவார்கள். ‘சேட்டன் பாவமாணு கேட்டோ’, அண்ணன் பாவம் என்று ஒருத்தி மலையாளத்தில் சொல்ல மற்றவர்கள் சிரிப்பது ஹெட்செட்டில் கேட்கும். பாவம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நான் பெண் பார்க்கப் போய் வந்த பிறகு அவள் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்களாம், பையன் பாவம் என்று.

ஒரு நாள் என் மனைவி ஒரு பீப்பாய்க்குப் பின்னால் குந்தியிருந்தாள். கண்டேன். காணாததுபோலத் திரும்பி நடந்தேன். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் போனபின் கேட்டாள்.

“கேட்டியளா, என்னக் கண்டிட்டு விட்டிய இல்லியா?”

“காணல்ல.”

“கண்டிய. எனக்குத் தெரியும். விட்டுத் தந்து விளையாடுகதுக்கு நான் என்ன கொச்சுப் பிள்ளையா? இனி விட்டுத் தந்தா உங்க கூட விளையாட்டுக்கு நான் இல்ல.”

அவள் சொன்னால் சொன்னதுதான். வாரத்தில் அவளோடு நிம்மதியாக இருக்கிற நேரமே அது ஒன்றுதான். மற்ற நாட்களில் பேச்சு எல்லாம் சாப்பாடு, டியூட்டி, மழை என்று முடிந்துபோகும். அதனால் நான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஊர் பேர் தெரியாதவர்களோடு விளையாடினேன். தோற்றபோதெல்லாம் அவர்கள் வாயில் வந்ததை எழுதிவிட்டுப் போனார்கள். எனக்குப் புரியாத மொழியிலும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. துரத்தக்கூடாது. துரத்துகிறவன் ஒருத்திக்காக மூன்று பேரைக் கைவிடுகிறான். போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தால், ஒளிந்திருந்தவள் எழுந்து நின்றுகொண்டிருப்பாள். நெஞ்சு விளக்கை அணைத்தால் வில்லனின் நடை பாதியாகிவிடும், ஆனால் அவன் வருவது யாருக்கும் தெரியாது. பலம் இருக்கிறவனுக்கு அவசரம் தேவையில்லை என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம், எதிரில் இருக்கிற ஆளை அறிந்திருப்பது. பழக்கமில்லாதவர்களிடம் அது நடக்காது. என் மனைவியை நான் அறிவேன்.

கல்யாணமான புதிதில் பாறசாலையில் அவள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். ரோட்டில் ஒருவன் பைக்கோடு விழுந்து கிடந்தான். கூட்டம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே இவள் இறங்கிவிட்டாள். பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து, யார் என்றே தெரியாத அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை இருந்தாள். தாலிகட்டும் போய், சாப்பாடும் போனது. எனக்கு ஆத்திரமாக வந்தது. பயமாகவும் இருந்தது, இவளை விட நல்ல மனுசி எனக்குக் கிடைக்கமாட்டாள் என்று.

விழுந்தவரை விட்டுவிட்டு அவளால் போக முடியாது. விளையாட்டிலும் அப்படித்தான். இதைத் தெரிந்துகொண்டு எத்தனை வாரம் பயன்படுத்தாமல் இருந்தேன் என்பதுதான் ஆச்சரியம்.

ஒரு ஞாயிறு, அவள் தோழி ஒருத்தியைப் பிடித்துக் கூண்டில் போட்டேன். பக்கத்துப் பலகைச் சுவருக்குப் பின்னால் போய், விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நின்றேன். கேட் பாதி திறந்திருந்தது, இவள் தப்பியிருக்கலாம். ‘போகண்டடீ, சேட்டன் அவிடெ உண்டு’, போகாதே, அவர் அங்கே இருக்கிறார் என்று ஒருத்தி கூவினாள். இவள் வந்தாள். ஒரே வெட்டு. இவளைத் திறந்துவிட வந்த மற்ற இருவரும் அதே சுவரருகில் மாட்டினார்கள். அன்றைக்கு முதல்முறையாக நால்வரும் கூண்டில் கிடந்தார்கள். மற்ற மூவரும் அலறியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ‘நல்லா படிச்சிட்டிய’ என்று மட்டும் இவள் சொன்னாள்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அதே சுவர், அதே கூண்டு. ஒவ்வொரு ஞாயிறும் அவள் வந்தாள். புத்தியுள்ள பெண், ஏன் இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை என்று நான் நினைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. திரும்பி வரலாம். அல்லது கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம், அதுவும் அவள் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்த ஐ.சி.யூ.வில். முடிவை அவளே எடுக்கட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த நாளிலிருந்து அந்த வாக்கு தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. எனக்கு அவள் வேண்டும். வீட்டில், என் பக்கத்தில் வேண்டும். அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு நியாயம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை அம்மா பின்வாசலில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்ததில் எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்கு. பெரிதாக ஒரு கட்டுப் போட்டு, காலை ஊன்றாமல் இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஆட்டோவில் திரும்பும்போதே அம்மா ஆரம்பித்தாள்.

“எலே, அவ கிட்ட சொல்லு. அம்மைக்குக் கால் ஒடிஞ்சு போச்சு, எழும்ப முடியாமக் கெடக்குன்னு சொல்லு. அடுத்த பிளேனுக்கு வந்திருவா.”

“பொய்யி சொல்லச் சொல்லுதியா?”

“பாதி பொய்யி ஆக்கும். கெடக்கேன் இல்லியா?”

நான் அம்மாவைத் திட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, என் கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கட்டு பயங்கரமாகத் தெரிந்தது. ஒரு வரி எழுதினால் போதும். சுளுக்கு என்று எழுதாமல் விட்டாலே போதும், பொய்கூடச் சொல்ல வேண்டாம். இரவெல்லாம் அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

ஞாயிறு மதியம் மழை கொட்டியது. ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன். கைபேசி கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“அம்மை எங்க? சத்தம் கேக்கல்ல?” என்றாள்.

“படுத்திருக்கு.”

“இந்த நேரத்திலா?”

அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. சீக்கிரமே ஒருத்தியைப் பிடித்தேன், கூண்டில் போட்டேன். சுவருக்குப் பின்னால் போய் விளக்கை அணைத்தேன். வீட்டில் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியது, திரை ஒரு நொடி துடித்துச் சரியானது. மற்ற இருவரும் கேட் பக்கம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

பலகை இடுக்கில் அவள் கைவிளக்கு தெரிந்தது. மெல்ல வந்தது. நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் கோடாலியோடு நான். இன்னும் இரண்டு அடி வைத்தால் வெட்டு. கண் கைபேசிக்குப் போயிற்று. இரண்டும் ஒரே வேலைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவைக் கூண்டில் போட்டுவிட்டு நான் சுவருக்குப் பின்னால் நிற்கிறேன்.

“நீங்க அங்கின நிக்கிது எனக்குத் தெரியும்,” என்றாள் ஹெட்செட்டில். “மொதல் நாளே தெரியும்.”

“பின்ன எதுக்கு வாற?”

“அவ உள்ள கெடக்கா இல்லியா? எப்பிடிப் போவேன்?”

அவள் சுவரைத் தாண்டி வந்தாள். என் முன்னாலேயே நின்று கூண்டைத் திறந்தாள். நான் கோடாலியை ஓங்கவில்லை. இருவரும் கேட்டை நோக்கி ஓடினார்கள். கேட்டைத் தாண்டாமல் இவள் மட்டும் பாதியில் நின்று திரும்பினாள்.

“எதுக்கு வெட்டல்ல? விட்டுத் தந்தா நான் இல்லன்னு சொன்னேன் இல்லியா?” குரலில் உண்மையாகவே கோபம்.

“அம்மை நேத்து வழுக்கி விழுந்திட்டு,” என்றேன். “ஒடிவு ஒண்ணும் இல்ல. சுளுக்கு ஆக்கும். எக்ஸ்ரே எடுத்தாச்சு. அதுக்காட்டு நீ வரண்டாம்.”

அவளுக்குள் இருந்த நர்ஸ் பேசினாள். வீக்கம் எவ்வளவு, விரலை அசைக்க முடிகிறதா, கட்டு இறுக்கமா, எக்ஸ்ரேயைப் படம் எடுத்து அனுப்புங்க. அனுப்பினேன். தலையணைப் படத்தை அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை கூப்பிட்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். நல்லது என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. பக்கத்தில் கால் நீட்டிக் கிடந்த அம்மா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“மக்கா, கால் ஒடிஞ்சுன்னு சொல்லத்தான் நான் சொன்னேன். இந்தப் பய கேக்கல்ல. இவனுக்கு ஒரு காரியத்துக்கும் சாமர்த்தியம் கெடையாது.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கைபேசி என்னிடம் திரும்பியபோது சிரிப்பு இல்லை.

“சொல்லியிருந்தா வந்திருப்பேன்,” என்றாள்.

“பொய்யின்னு தெரிஞ்சாலுமா?”

“தெரிஞ்சாலும் வந்திருப்பேன். பெறவு ஒருக்காலும் உங்க கூட விளையாடியிருக்க மாட்டேன்.”

கடைக்குப் போய் ஷட்டரை முழுதும் இறக்கிவிட்டு அழுதேன். இரண்டு வருஷம் என்பது சின்ன விஷயமா? வெளியே ஒருவர் லேப்டாப்போடு நின்று தட்டிக்கொண்டிருந்தார், திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே மைக்கை வாங்கிக் கத்தினாள். ஆட்டம் தொடங்கியது. ஒருத்தியைப் பிடித்துக் கூண்டில் போட்டேன், சுவருக்குப் பின்னால் போனேன், விளக்கை அணைத்தேன். கேட் திறந்து கிடந்தது. அவள் வந்தாள். கோடாலியை ஓங்கி ஒரே போடாகப் போட்டேன்.